மண்டையனுக்குக் குரல் கொடுத்தவள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். தெருவில், கடையில், கண் ஆஸ்பத்திரியில், எங்கே கேட்டாலும் ரேடியோதான். வயது ஐம்பத்து நாலு. பேண்ட் காலை வெட்டிக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பளவைப் பிடித்துத் தைப்பது, இதுதான் தொழில். புதுசாக எதையும் தைக்க மாட்டாள். "புதுசு யார் வேணா தைப்பாங்க. அடுத்தவன் சொதப்பினத சரி பண்ணத்தான் மூளை வேணும்" என்பாள். தையல் மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, மிஷின் நின்றாலும் குரல் இறங்காத பழக்கம் வந்துவிட்டது.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, முப்பது வருஷமாக ஊரார் செய்த தப்புக்கெல்லாம் இவர் மிதித்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் போனாலும் அவர் கால் தரையை மிதிக்கும். பேச்சு ரொம்பக் குறைவு. அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவதால் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் ரேடியோவுக்கு இடது கண்ணில் புரை வந்தது. புரை என்றால் வேறொன்றுமில்லை, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வெளுத்துப் போவது. அந்த லென்ஸ் மெல்லிய தோல் பை ஒன்றுக்குள் இருக்கும். பையின் முன்பக்கத்தில் வட்டமாகக் கிழித்து, வெளுத்ததை எடுத்துவிட்டு, அதே பைக்குள் புது லென்ஸை வைக்க வேண்டும். கிழிசல் வட்டத்தை விட்டு ஓரத்துக்கு ஓடிவிட்டால் பை போச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆளை மயக்குவதில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். மூளை விழித்திருக்கும், வாயும் விழித்திருக்கும். ரேடியோவின் வாய் என்றைக்குத் தூங்கியிருக்கிறது, சொல்லுங்கள்.

"ஆடக் கூடாது, பேசக் கூடாது, பத்தே நிமிஷம்" என்றார் பெரிய டாக்டர். முகத்தை மூடிய துணிக்கடியில் நாலு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதுவே அவள் ஆயுளில் பெரிய சாதனை. அஞ்சாவது நிமிஷம் பெரிய டாக்டர் வேலை மும்முரத்தில் தன்னை மறந்து ஒரு பாட்டை முனக ஆரம்பித்தார். சுருதி ஒரு தெருவில் போனது, பாட்டு ஒரு தெருவில் போனது.

"ஐயா, கண்ண வேணா கிழிங்க. பாட்டக் கிழிக்காதீங்க" என்றாள் ரேடியோ. சொன்னது தனக்கே ரொம்பப் பிடித்துப் போய், குலுங்கிச் சிரித்தாள்.

தலை ஆடியது. கிழிசல் ஓரத்துக்கு ஓடியது. பத்து நிமிஷ வேலை ஒண்ணேகால் மணி நேரமாகி, எப்படியோ லென்ஸை வேறொரு இடத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார் பெரிய டாக்டர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஆனால் அந்த ஒண்ணேகால் மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரி வைக்கிற சத்தமும் யாரோ பெருமூச்சு விடுகிற சத்தமும்தான் கேட்டது. தவளை தன் வாயால் கெடும் என்று சொல்வார்களே, அந்தத் தவளை நான்தான் என்று துணிக்கடியில் கிடந்து நடுங்கினாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது, திட்டு விழப்போகிறது என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, எங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரீங்களா?"

"திரைச்சீலை தைக்கவா ஐயா?"

"இல்ல. பேச."

மாடியில் ஓர் அறை. பழகுகிற டாக்டர்கள் அங்கே கண்ணில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பெட்டிக்குள் மனுஷக் கண் ஒன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தெரியும். வெளியே பார்த்தால் கண்ணும் கிடையாது ஒன்றும் கிடையாது, ரப்பர் தலை ஒன்றில் ரெண்டு ஓட்டை இருக்கும். ஆனால் கருவியை ஓட்டைக்குள் விட்டால் தோல் இழுபடுவது கைக்குத் தெரியும், பெட்டிக்குள் ரத்தம்கூட வரும். கெடுத்துவிட்டால் மிஷின் டொய்ங் என்று கத்தி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிட்டு, அடுத்த நொடி புதுக் கண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும்.

"எத்தனை கண்ண வேணா கெடுக்கலாம்மா, பாவமே கிடையாது" என்றார் பெரிய டாக்டர். "ஆனா ஒரு குறை. அதுல படுத்திருக்கிற நோயாளி சாமியார். இருமறதில்ல, தும்மறதில்ல, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. இவங்க அதுல தொண்ணூத்தஞ்சு வாங்கிட்டு தியேட்டருக்கு வராங்க. அங்க நோயாளி 'முடிஞ்சுதா'ன்னு கேட்டாப் போதும், கையும் ஓடல காலும் ஓடல. எனக்கு ஒரு நிஜ வாய் வேணும். உங்க வாய விடப் பொருத்தமான வாய நான் பாத்ததில்ல."

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா?

வாரத்தில் மூணு நாள் காலையில் போனாள். மிஷின் அறைக்குப் பக்கத்து அறையில் அவளுக்கு ஒரு கட்டில். ஆபரேஷனுக்குப் போடுகிற அதே துணியை முகத்தில் மூடி, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துவிடுவாள் மிஷின் பார்த்துக்கொள்கிற பெண். ரேடியோவின் தலை ஓர் அங்குலம் ஆடினால் அங்கே ரப்பர் தலையும் ஓர் அங்குலம் ஆடும், கறுப்புப் பெட்டிக்குள் கண்ணும் ஆடும். ரப்பர் தலைக்கு மண்டையன் என்று பெயர் வைத்தவள் ரேடியோதான். முதல் நாளே வைத்துவிட்டாள்.

அப்புறம் என்ன, திருவிழாதான். ஒருநாள் மூக்கு அரிக்கிறது என்பாள். ஒருநாள் அவசரமாக பாத்ரூம் போக வேண்டும் என்பாள். "டாக்டர், நீங்க கல்யாணம் ஆனவரா?" என்று சரியாகக் கிழிக்கிற நேரத்தில் கேட்பாள். தும்மல் வராத நாளில் தும்மல் மாதிரி ஆரம்பித்து நிறுத்திவிடுவாள். அது தும்மலை விட மோசம். எல்லாவற்றுக்கும் மேலே, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிப்பாள். டொய்ங்! ஆறடி உயரத்து ஆட்கள் வேர்த்து விறுவிறுத்து எழுந்து வந்து, "அம்மா, கொஞ்சம் கருணை காட்டுங்க" என்று கட்டிலோரம் கும்பிட்டார்கள். "எனக்கா கருணை இல்ல? மண்டையன்கிட்ட கேளுங்க" என்பாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போவாள்.

அவள் கையில் அதிகம் மாட்டியது ஸாரி டாக்டர். முப்பத்தெட்டு வயது, ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா, ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பப் படிக்க வந்தவர். கதவில் இடித்தால் கதவிடம் ஸாரி சொல்வார். மண்டையன் கண்ணைக் கிழித்துவிட்டு மண்டையனிடமே ஸாரி சொல்வார். பதினெட்டு, இருபத்திரண்டு, பதினொண்ணு என்று சுவரில் தொங்குகிற பலகையில் அவர் மார்க் ஏறி இறங்கியது. நாற்பத்தொரு தடவை உட்கார்ந்தார், நாற்பத்தொரு டொய்ங். ரேடியோ ஒவ்வொன்றையும் பக்கத்து அறையிலிருந்து காதால் எண்ணினாள்.

நாற்பத்திரண்டாவது தடவை ஏதோ நடந்தது. என்ன மாயமோ, ரேடியோ சிரிப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே கருவி நின்றுவிட்டது. சிரித்து முடித்ததும் மறுபடி நகர்ந்தது. அடுத்த ஜோக், அதே கதை. எண்பத்தாறு மார்க். மறுவாரம் தொண்ணூத்தொண்ணு. ரேடியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏங்க, என் பேச்சு எடுபட மாட்டேங்குது" என்று வீட்டில் புலம்பினாள்.

"அப்பாடா" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரேடியோ யாருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வலது கண்ணும் வெளுத்துக்கொண்டு வந்தது. இடது கண்ணில் தெருமுனை தெரியும், ஊசிக் காது தெரியாது. ஊசிக் காது பார்ப்பதெல்லாம் வலது கண்தான். அது போனால் தொழில் போச்சு. ஆனால் மறுபடி அந்தத் துணிக்கடியில் படுக்க தைரியம் வரவில்லை. மண்டையனுக்குக் கெட்டால் அடுத்த நொடி புதுக் கண் வரும். அவளுக்கு வராது. ஆகவே விரலால் தடவித் தடவித் தைத்தாள். நூலை ஊசியில் கோக்க, சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். சத்தமில்லாமல் ரேடியோ வந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு சந்தேகம் வராதா? வந்தது.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? ஒருநாள் காலையில், வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அவள் முந்தின நாள் மடித்துத் தைத்து வைத்த பேண்டை எடுத்து மாட்டினார். வலது கால் போனது. இடது கால் போகவில்லை. எவ்வளவு உதைத்தும் போகவில்லை. நின்றவாக்கில் அறை முழுக்கக் குதித்துச் சுற்றி, அலமாரியைப் பிடித்துத் தப்பித்தார். இடது காலின் அடிமடிப்பை முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து வைத்து ஒரே தையலாக மூடியிருந்தாள் ரேடியோ. அதுவும் நல்ல உறுதியான தையல்.

அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஒற்றைக் கால் பேண்டோடு அவளைப் பார்த்தார். "எத்தன நாளா?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பெரிய டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் தள்ளிப் போட்டா கல்லா இறுகிடும். இந்த வாரமே பண்ணிடணும். தைக்கிறவங்க நீங்க, இதுல கிட்டப் பார்வைக்கு லென்ஸ் வைக்கலாம்" என்றார்.

"நீங்கதானே ஐயா பண்ணுவீங்க?"

"நானா? போன தடவை பட்டது போதாதா? உங்க வாய்க்குத் தாக்குப் பிடிக்கிற கை இந்த ஆஸ்பத்திரில ஒண்ணுதான். நான் பக்கத்துல நிப்பேன். பண்றது ஸாரி டாக்டர்."

ரேடியோவுக்குக் காது அடைத்தது. நாற்பத்தொரு கண்ணைக் கிழித்த கை! கிழித்தது அந்தக் கை, கிழிக்க வைத்தது தன் வாய். அந்தக் கையும் இந்த வாயும், ஊசிக் காது பார்க்கிற ஒரே கண்ணுக்கு மேலே சந்திக்கப் போகிறதா? வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. வந்ததும் பொங்கித் தீர்த்தாள். "அந்தம்மா நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா நாப்பத்தொரு தடவைங்க! நான் காதால கேட்டேன்!"

வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். "எங்கிட்ட ஒருத்தன் முதல் நாளே ஒரு இடி இடிக்காம ஓட்டினான்னா எனக்கு பயம்மா இருக்கும். என்னிக்கோ ஒருநாள் இடிக்கப் போறான், எங்கன்னுதான் தெரியாது. எல்லாத்துலயும் மோதிட்டு வந்தவன் வண்டில நான் தூங்கிட்டே போவேன். அந்தம்மா உன்மேல நாப்பத்தொரு தடவ மோதிட்டாங்க. போய்ப் படு."

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கை அந்தம்மாவுடையது, அதைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது. வாய் தன்னுடையது. பூட்டிவிட வேண்டியதுதான். மூணு நாள் மௌனம் பழகினாள். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ரெண்டாம் நாள் துணி கொடுக்க வந்தவர்கள், "உங்க வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். மூணாம் நாள் வீட்டுக்காரரே தாங்காமல், "ஏதாவது சொல்லேன், காது வலிக்குது" என்றார். அவள் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

ஆபரேஷன் நாள். படுக்க வைத்தார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், முகத்தில் துணி மூடினார்கள். பக்கத்து அறையில் மூடின அதே துணிதான், ஆனால் இன்றைக்கு நெற்றியில் பட்டை இல்லை, வாய்க்குக் கிட்டே மைக் இல்லை. இன்றைக்கு மண்டையன் அவளேதான். பல்லைக் கடித்தாள். கையை முறுக்கிப் பிடித்தாள். மூச்சைக்கூட அடக்கினாள்.

வெளிச்சம் கண்ணில் விழுந்தது. ஏதோ தொடுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. போன தடவை கேட்ட அதே அமைதி. போச்சு, கிழிச்சுட்டாங்க என்று நினைத்தாள்.

"அக்கா" என்றது ஸாரி டாக்டரின் குரல், தலைக்கு மேலே, ரொம்பக் கிட்டே. "பேசுங்க."

ரேடியோ மூச்சு விடவில்லை.

"நீங்க மூச்சைப் பிடிச்சா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுது, பை முன்னாடி தள்ளுது. அதுவும் இல்லாம, நீங்க சும்மா இருந்தா எப்போ ஆடுவீங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க சிரிக்கப் போறதுக்கு முன்னாடி மூக்குல 'ம்க்'னு ஒரு சத்தம் வரும். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஐம்பத்து நாலு வருஷமாகத் தன் மூக்கில் நடப்பது அவளுக்கே தெரியாது.

"அது வந்தா சிரிப்பு உடனே வராது, சின்ன இடைவெளி இருக்கும். இருமலுக்கு முன்னாடி வேற மாதிரி. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி நாக்கைத் தட்டுவீங்க. நாப்பத்தொரு தடவ கெடுத்துட்டுத்தான் கத்துக்கிட்டேன் அக்கா. எனக்கு உங்க பேச்சு வேணும். மெதுவா பேசுங்க, மூச்சு விட்டுப் பேசுங்க. கண்ணு என் பொறுப்பு."

ஸாரி என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. ரேடியோ அதைக் கவனித்தாள். கவனித்ததும் பிடித்து வைத்திருந்த மூச்சு தானாக வெளியே வந்தது.

"என்ன பேச?"

"அந்த பேண்ட் கதையச் சொல்லுங்க. நர்ஸ் அரைகுறையா சொன்னாங்க."

சொன்னாள். முதலில் குரல் நடுங்கியது. வலது கால் உள்ளே போன இடத்தில் நடுக்கம் நின்றது. இடது கால் வழி தேடிய இடத்தில் நர்ஸ் ஒருத்தி தட்டை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரிய டாக்டர் மூக்கை உறிஞ்சினார். வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் அலமாரிவரை குதித்த இடத்துக்கு வந்தபோது ரேடியோவின் மூக்கில் வந்தேவிட்டது.

"ம்க்."

கண்ணிலிருந்து ஏதோ மெல்ல விலகியது.

"எடுத்துட்டேன் அக்கா. இப்ப சிரிங்க."

சிரித்தாள், குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஒரு வருஷமாக அந்தத் துணிக்கடியில் சேர்த்து வைத்த பயமெல்லாம் அதோடு போனது. முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். "ஆச்சா? அப்புறம் அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டே ஸாரி டாக்டர் மறுபடி உள்ளே போனார். இப்படி நாலு தடவை. வட்டம் முழுசாக முடிந்தது, வெளுத்தது வந்தது, புது லென்ஸ் பைக்குள் போய் உட்கார்ந்தது. பெரிய டாக்டர் சந்தோஷத்தில் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார் ஸாரி டாக்டர். மருந்து விட்டார், விளக்கடித்துப் பார்த்தார், பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "என்ன தெரியுது அக்கா?"

ரேடியோ பதில் சொல்லவில்லை. ஸாரி டாக்டரின் முகம் வெளுத்தது. வீட்டுக்காரரின் கால் தரையில் பிரேக்கைத் தேடியது.

ரேடியோ மெல்லக் குனிந்து டாக்டரின் வெள்ளைக் கோட்டுக் கையைப் பிடித்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"இது என்ன கண்றாவி?"

கைமடிப்பு முழுக்க வரிசையாக ஸ்டேப்ளர் பின். பாதி துருப்பிடித்திருந்தது.

"அது பிரிஞ்சுபோச்சு, தைக்க நேரமில்ல. ஸாரி அக்கா" என்றார் ஸாரி டாக்டர்.

"எத்தன மாசமா?"

"நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து."

ரேடியோ பைக்குள் கையை விட்டு ஊசியையும் வெள்ளை நூலையும் எடுத்தாள். நூல் முனையை உதட்டில் நனைத்து, ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். ஒரே தடவையில் நூல் காதுக்குள் போனது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, இன்னிக்கே கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"நாலே தையல். ஆடக் கூடாது, பேசக் கூடாது" என்று சொல்லி, பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். ஊசி துணியில் இறங்கியது, ஏறியது. கோட்டுக் கையை நீட்டிக்கொண்டு, வளையல் போட்டுக்கொள்கிற குழந்தை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார் டாக்டர். "பெரிய டாக்டர் தன் கோட்டுக்கு என்ன போட்டு ஒட்டியிருக்கார், பசையா?" என்று கேட்டாள் ரேடியோ.

டாக்டரின் மூக்கில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

ரேடியோ ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துட்டேன் டாக்டரம்மா" என்றாள். "இப்ப சிரிங்க."